கணக்கு சார் கட்டிய குடிகாரர் வேஷம்

எங்கள் கணக்கு ஆசிரியர் வகுப்பறையில் ஒருநாளும் நடித்ததில்லை. நாடகக்காரர் ஒருவர் பாடம் நடத்துகிறார் என்றால் குரலை ஏற்றி இறக்குவார், கையை வீசுவார், பையன்களைச் சிரிக்கவைப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அவர் தணிந்த குரலில், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நாங்கள் எழுதி முடிக்கும் அளவுக்கு நேரம் விட்டு, பலகையைப் பார்த்தபடியே பேசுவார். சாக்பீஸின் அடிப்பகுதியில் பழைய விடைத்தாள் துண்டு ஒன்றைச் சுற்றிவைத்திருப்பார். விரலில் வெள்ளை ஒட்டினால் மாலை ஒத்திகையில் அது உடன் நடிப்பவரின் கறுப்புக் கோட்டில் படிந்துவிடுகிறது என்பது அதற்கு அவர் சொன்ன காரணம். வகுப்பில் அவர் நாடகத்தைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு வாக்கியம் மட்டுமே.

சென்ற மாதம் அவர் காலமானார். தொண்ணூறைத் தாண்டியிருந்தார். பள்ளி மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. பழைய மாணவர்கள் பலர் பேசினார்கள், என்னையும் அழைத்தார்கள். அவர் எனக்கு வடிவியல் கற்பித்தார், அதைக் கொண்டே நான் வாழ்நாள் முழுவதும் பிழைத்தேன் என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கினேன். அதற்கு மேல் நான் சொல்ல விரும்பியது மேடைக்கு ஏற்றது அல்ல. எழுத்தில் நிதானமாகச் சொல்லலாம்.

அறுபதுகளின் பிற்பகுதி. ராயபுரத்தில் மாதா கோயிலை ஒட்டி இருந்தது எங்கள் பள்ளி. என் வகுப்பில் இருந்தவர்களின் தகப்பன்மார் துறைமுகத்தில் இருந்தார்கள், அல்லது ரயில்வேயில், அல்லது கடலில். பெரும்பாலும் ஒற்றை அறை வீடுகள். அப்பா இரவு வேலை முடிந்து பகலில் உறங்கும் வாரத்தில் அந்த அறையில் புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதற்குக்கூட யோசிக்க வேண்டும். இது எங்கள் தலைமையாசிரியருக்குத் தெரியாது. பள்ளியை நடத்திய மாதா கோயில் சாமியாருக்கும் தெரியாது. கணக்கு சாருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை வருகையைப் பதிந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வாரம் யார் யார் அப்பாவுக்கு நைட்டு?" என்பதுதான். கை தூக்கியவர்களுக்கு வீட்டுப்பாடம் கிடையாது. அவர்கள் காலை ஏழரை மணிக்குப் பள்ளிக்கு வந்து, தாழ்வாரத்தில் அவர் முன் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து சைக்கிளில் அவர் அதற்கும் முன்னதாகவே வந்திருப்பார். எந்த வாரம் யாருடைய தகப்பனாருக்கு எந்த ஷிப்ட் என்பதை அவர் குறித்துவைத்ததே இல்லை, நினைவில் வைத்திருந்தார். மனிதர்கள் எப்போது உறங்குகிறார்கள், எப்படி நடக்கிறார்கள், எந்தக் கையால் கதவைத் திறக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குள் தாமாகவே போய்த் தங்கிவிடும் என்று பின்னாளில் புரிந்துகொண்டேன்.

நான் அப்பாவின் ஷிப்ட் எதுவானாலும் ஏழரை மணிக்குப் போவேன். அந்தத் தாழ்வாரம் எனக்குப் பிடித்திருந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

மாலை ஆறு மணிக்கு மேல் அவர் வேறொருவராக இருந்தார். எங்கள் பேட்டையில் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து நடத்திய நாடகக் குழு ஒன்று இருந்தது. ரயில்வே சரக்கு அலுவலகக் குமாஸ்தா ஒருவர் நாடகங்களை எழுதி இயக்கினார். தபால் ஆபீஸில் வேலை பார்த்த இன்னொருவர் பெண் வேஷம் கட்டுவார். நாடகம் நெருங்கும் வாரத்தில் அவர் மீசையை எடுத்துவிட்டு, மேலுதட்டின் மீது கைக்குட்டையை வைத்தபடி கவுண்டரில் உட்கார்ந்து தபால்தலை விற்பார். சாருக்குச் சிறிய வேஷங்கள்தாம் கிடைக்கும்: பியூன், வைத்தியர், பக்கத்து வீட்டுக்காரர். கதாநாயகனாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆண்டுதோறும் திருவொற்றியூரில் நடக்கும் நாடகப் போட்டியில் சிறந்த சிரிப்பு நடிகருக்கென்று தரும் கோப்பையை ஒரு முறையாவது வாங்கிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அது.

இனி என் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

அவர் துறைமுகத்தில் சைகை காட்டும் வேலையில் இருந்தார். கப்பலின் மேல்தளத்தில், சரக்குக் கிடங்கின் வாய் ஓரத்தில் நிற்பார். கீழே கிடங்கின் ஆழத்தில் ஆட்கள் சரக்கைக் கட்டுவார்கள். சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுபவர் இருக்கும் இடத்திலிருந்து அந்த ஆட்கள் தெரியமாட்டார்கள். அவருக்குத் தெரிவது அப்பாவின் கை மட்டுமே. ஆள்காட்டி விரல் மேல் நோக்கிச் சுழன்றால் தூக்க வேண்டும். கீழ் நோக்கிச் சுழன்றால் இறக்க வேண்டும். உள்ளங்கை விரிந்து தரையைப் பார்த்தால் நிறுத்த வேண்டும். ஒரு கையின் மேல் மறு கை அசையாமல் கவிந்தால், மெதுவாக. அந்த இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. வீட்டிலும் அப்பா குறைவாகவே பேசினார். சோறு போதும் என்பதற்கும், ரேடியோவைக் குறை என்பதற்கும், என் சண்டையை நிறுத்து என்பதற்கும் அவரிடம் கைகள் இருந்தன.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். இருந்தும் சனிக்கிழமை மாலைகளில் அவருக்கு எங்கிருந்தோ கிடைத்தது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான். அடிதடி கிடையாது, உரத்த பேச்சு கிடையாது. எங்கள் தெருவில் சாலைக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே திறந்த சாக்கடை ஓடியது. ஒவ்வொரு வீட்டுக்கும் குறுக்கே ஒரு பலகை. எங்களுடையது கப்பலில் சரக்குக்கு அடியில் போட்டுக் கழித்த பலகை. சனிக்கிழமை வெளிச்சம் மங்கும் நேரத்தில் அப்பா வந்து அந்தப் பலகையின் முன் நிற்பார். வலது கையை உயர்த்தி, விரலை மேல் நோக்கிச் சுழற்றுவார். அவருடைய வலது கால் எழும்பும். விரல் கீழ் நோக்கிச் சுழலும். கால் பலகையில் இறங்கும். உள்ளங்கை விரியும், கால் நிற்கும். பிறகு இடது கால். இரண்டடி அகலச் சாக்கடையைக் கடக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். தன் கால்களை நம்பாதவர், தன் கையை நம்பினார். நான் பிறந்ததிலிருந்து பார்த்து வந்ததால் எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை. அக்கம்பக்கத்தவர் அந்த நேரத்தில் தங்கள் கதவுகளுக்குள் ஏதாவது வேலை இருப்பதுபோல் போய்விடுவார்கள். தெரு அந்த மரியாதையை அவருக்குச் செய்தது.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது காமாலை கண்டு இரண்டு வாரம் படுத்திருந்தேன். விடுபட்ட பாடங்களைச் சொல்லிக்கொடுக்க சார் வீட்டுக்கு வந்தார். அவர் வந்த நாள் சனிக்கிழமை. அம்மா அவருக்கு ஒரே நாற்காலியை வாசலருகே போட்டு, தேநீர் வைக்கப் போனாள். தேநீர் வருவதற்குள் அப்பா பலகையின் முன் வந்து நின்றுவிட்டார்.

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். கதவைச் சாத்தலாம் என்று அம்மா இரண்டடி எடுத்துவைத்து நின்றாள். ஆசிரியர் முகத்துக்கு நேரே எப்படிச் சாத்துவது. சார் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பா கடந்து முடிக்கும்வரை நின்றார். பெரியவர் ஒருவர் வரும்போது எழுந்து நிற்பதாகத்தான் நான் அன்று எடுத்துக்கொண்டேன். நன்றியாகக்கூட இருந்தது.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்த அப்பா அவரைப் பார்த்து உள்ளங்கையை விரித்து எல்லாவற்றையும் நிறுத்தினார். பிறகு கும்பிட்டார்.

"மன்னிக்கணும் சார். இன்னிக்கி லோடு கொஞ்சம் ஜாஸ்தி."

"பரவால்லீங்க. பையனப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"படிக்கிறானா?"

"நல்லாப் படிக்கிறான்."

"அப்ப செரி," என்று அப்பா சுவரோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துக் கோயில் திருநாள் வந்தது. திருநாள் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலை பள்ளி மைதானத்தில் குழுவின் புதிய நாடகம் நடந்தது. குடியால் கெட்டுத் திருந்தும் ஒரு குடும்பத்தின் கதை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட கதைக்குச் சாமியாரின் அனுமதி சுலபமாகக் கிடைக்கும். கதாநாயகனின் பக்கத்து வீட்டுக்காரராக, சிரிப்புக்கென்று ஒரு குடிகாரர். அது சாரின் வேஷம். அம்மா பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். நானும் அப்பாவும் துறைமுக ஆட்கள் நிறைந்த நடுவரிசையில் இருந்தோம். அப்பா நன்றாகச் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

இரண்டாவது காட்சியில் மேடையின் குறுக்கே கறுப்புத் துணி விரித்துச் சாக்கடை வைத்திருந்தார்கள். சார் வந்தார். தோளில் துண்டு, கலைந்த தலை. துணியின் முன் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வலது கையை மெல்ல உயர்த்தினார். விரலைச் சுழற்றினார். கால் எழும்பியது.

துறைமுகம் முழுவதும் உடனே அடையாளம் கண்டுகொண்டது.

"டேய், கப்பல் வேலடா இது."

"மெதுவா எறக்கு மாமு, கண்ணாடி லோடு."

"வின்ச்சுல எவன்டா கீறான், தூங்கிகினு கீறானா?"

சார் ஒவ்வொரு கூச்சலுக்கும் இடம் விட்டு, வகுப்பில் எங்களுக்கு எழுத நேரம் விடுவதுபோல் நேரம் விட்டு, அடுத்த சைகையைக் காட்டினார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வது, ஒவ்வொரு அடிக்கும் பிறகு யாரோ தட்டிக்கொடுத்ததுபோல் தலையசைப்பது, எதையும் அவர் விட்டுவிடவில்லை. அப்பா அப்படித் தலையசைப்பார் என்பதை நான் அன்று மேடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசி அடியில் அவர் தடுமாறி, கைகளை விரித்து, முழு உடம்போடு சாக்கடையில் விழுந்தார். மைதானத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பெண் வேஷக்காரர் துடைப்பத்தோடு ஓடிவந்து, "யோவ், சாக்கடைகூட உன்ன வேணாம்னு துப்பும்யா," என்றார். மறுபடி சிரிப்பு.

முன் வரிசையிலிருந்து எங்கள் தெருக்காரர்கள் இருவர் திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு, உடனே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். ஆண்டுக்கணக்கில் சனிக்கிழமைதோறும் கதவுக்குள் போய்க் காத்த மரியாதை அந்தத் திரும்பலில் போய்விட்டது. அப்பா சிரிக்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, எதையோ எடைபோடுபவரைப்போல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் தாழ்வாரத்துக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் கணக்கு வகுப்பு முடிந்ததும் சார் என்னை நிற்கச் சொன்னார்.

"உடம்பு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"பின்ன ஏன் வரல?"

பதினைந்து வயதில் நான் கோழை. ஆசிரியரின் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை. அன்று பார்த்தேன்.

"நீங்க எங்க வூட்ல பாத்தத மேடைல காட்டிட்டீங்க சார்."

அவர் மறுக்கவில்லை. நடிப்பென்றால் அப்படித்தான் என்று விளக்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார். அது உருண்டு விளிம்புக்குப் போனது. அதைப் பிடித்து மறுபடி வைத்தார்.

"ஆமா. காட்டிட்டேன்," என்றார். "சாயங்காலம் அப்பா வீட்ல இருப்பாரா?"

"இருப்பாரு."

"நான் வரேன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சாரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவார், அதன்பின் நான் அந்தத் தாழ்வாரத்துக்குப் போவது சாத்தியமில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். போகவேண்டும் என்றும் இருந்தது. அந்த மூன்று நாளும் என்னை வருத்தியது அதுதான்: அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, அவரில்லாமல் காலை நேரம் விடியவும் இல்லை.

சார் வந்தபோது அப்பா தரையில் அமர்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலியைப் போட்டார். சார் உட்காரவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்," என்று ஆரம்பித்தார்.

அப்பா உள்ளங்கையை விரித்தார். சார் நிறுத்தினார்.

"மொதல்ல நா சொல்லிக்கிறேன் சார். உங்க மேல எனக்கு ஒரு வருத்தம் கீது."

அம்மா அடுப்பருகே அசையாமல் நின்றாள்.

"நீங்க காட்ன கை தப்பு."

சாருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"ரெண்டாவது அடி வெக்கச் சொல்ல, காலு கீழ எறங்குது. உங்க வெரலு இன்னா பண்ணிச்சி? மேல பாத்துகினு சுத்துது. தூக்குன்னு அர்த்தம். எறக்கறப்போ தூக்குன்னு காட்டுனா இன்னா ஆவும்? அடில ஆளு நிக்கிறான் சார். அத்தினி பேரு கப்பல் வேல செய்றவன் குந்திகினு கீறான், ஒருத்தன்கூட சொல்லல. சிரிச்சிகினு கீறானுங்க."

சார் தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். வகுப்பில் கணக்கின் நடுவே எங்கோ ஒரு குறியைத் தவறவிட்டதை இறுதியில் கண்டுபிடிக்கும்போது அவருக்கு வரும் அதே முகம்.

"எப்படிக் காட்டணும்?"

"நில்லுங்க."

அதன்பின் ஒரு மணி நேரம் எங்கள் ஒற்றை அறையில் நடந்ததை நான் பாடப்புத்தகத்துக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். அப்பா ஒரு சுவரோரம் நின்றார், சார் மறு சுவரோரம். அம்மாவின் அரிசி டின் நடுவில் சரக்காக இருந்தது. சார் சைகை காட்ட, அப்பா டின்னை உத்தரத்தில் மாட்டிய கயிற்றில் கட்டித் தூக்கவும் இறக்கவும் செய்தார். தவறாகக் காட்டினால் அப்பா டின்னை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டு, சாரின் விரலையே பார்ப்பார்.

"தோள அசைக்காதீங்க. அங்கேர்ந்து பாக்கறவனுக்கு முழங்கைக்கு மேல தெரியாது."

"இப்ப?"

"இப்பவும் தப்புதான். கணக்கு சொல்லிக்குடுக்கறவரு, வெரலு இப்பிடியா சந்தேகமா நிக்கும்? எறக்கணுமா வேணாமா?"

"இறக்கணும்."

"அப்ப எறக்குங்க."

நான் சிரித்துவிட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததால் மறுபடி புத்தகத்துக்குள் போனேன்.

பாடம் முடிந்து அம்மா தேநீர் கொடுத்தாள். சார் டம்ளரைக் கையில் பிடித்தபடி, தான் சொல்லவந்ததைச் சொன்னார்.

"அந்த வேஷம் உங்களப் பாத்துதான் செஞ்சேன். அன்னிக்கு இந்த வாசல்ல நின்னு பாத்தேன். உங்கள ஒரு வார்த்த கேட்ருக்கணும். கேக்காம செஞ்சது தப்பு."

"தெரியும் சார்," என்றார் அப்பா. "மைதானத்துலயே தெரிஞ்சிபோச்சி. வேலைல எல்லாத்துக்கும் தெரியும். திங்கக்கெழமேலேர்ந்து எனக்கு ஆக்டர்னு பேரு வெச்சிகினு கீறானுங்க. இன்னா ஆக்டரு, இன்னிக்கி ஷூட்டிங் இல்லியான்றான் வின்ச்சு ஓட்றவன்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா தேநீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார்.

"அத்த வுடுங்க. ஆனா நா வுழுந்தது கெடயாது சார்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குறையேதும் இல்லை. இன்று மழை இல்லை என்று சொல்வதுபோல்தான் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "வுழுந்ததில்ல. அது நெசந்தான்," என்றாள். அப்பாவின் குடியைப் பற்றி அவள் அவருக்குச் சாதகமாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

சார் போகும்போது பலகையைக் கடந்து திரும்பி நின்று, அதன் நீளத்தைக் கண்ணால் ஒரு முறை அளந்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு திருவொற்றியூரில் போட்டி. பிற்பகல் நான்கு மணிக்கு எங்கள் பேட்டைக் குழுவின் முறை. அப்பா, "போலாமா?" என்று என்னைக் கேட்டார். அவர் கேட்டது எனக்கு வியப்பாக இருந்தது. நான் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவரும் போயிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இருவரும் பஸ் பிடித்துப் போனோம். மண்டபத்தின் பின்வரிசையில் இடம் கிடைத்தது. பள்ளி மைதானத்து வெற்றியின் பேச்சு இங்கேயும் பரவியிருந்தது. குடிகாரர் எப்போது வருவார் என்று பக்கத்திலிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையின் ஓரத்திரைக்குள், நாடகத்தை எழுதிய குமாஸ்தா நீதிபதிகளை எட்டிப் பார்ப்பதும் உள்ளே இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். சாக்கடையில் விழும் அந்தக் காட்சிக்குக் கோப்பை நிச்சயம் என்று அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

சார் வந்தார். துணியின் முன் நின்றார். கையை உயர்த்தினார்.

அது அப்பாவின் கை. தோள் அசையவில்லை. விரலில் ஐயம் இல்லை. தூக்கு என்றால் கால் எழுந்தது, இறக்கு என்றால் இறங்கியது, நிறுத்து என்றால் உடம்பு முழுவதும் நின்றது. மக்கள் சிரித்தார்கள், ஆனால் மைதானத்தில் சிரித்ததுபோல் அல்ல. அடி வைக்க வைக்கச் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. விழுந்துவிடுவாரோ என்று கவலைப்படுபவர்களைப்போல் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். அப்பா தொடையின் மேல் வைத்திருந்த விரல், மேடையிலிருந்த விரலோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருந்தது. அவர் அதை அறியவில்லை.

கடைசி அடி. சார் இடது கையை வலது கையின் மேல் அசையாமல் கவித்தார். மெதுவாக. கால் துணியைத் தாண்டியது. மறுகரையில் பதிந்தது. அவர் விழவில்லை.

நின்றார். துண்டைச் சரிசெய்துகொண்டு, தன் வீட்டு வாசலைப் பார்த்தார்.

துடைப்பத்தோடு ஓடிவந்த பெண் வேஷக்காரர் நடுமேடையில் நின்றுவிட்டார். சாக்கடையில் எவரும் இல்லை. அவருடைய வசனத்துக்கு இப்போது பொருளே இல்லை. ஓரத்திரையிலிருந்து குமாஸ்தாவின் கை கீழே கீழே என்று ஆடியது எங்களுக்கே தெரிந்தது. பெண் வேஷக்காரர் ஒரு கணம் யோசித்து, துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வந்துட்டியா? சோறு ஆறுதுய்யா," என்றார்.

சார் உள்ளே போனார். எவரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்திலிருந்த ஒருவர், "இன்னாய்யா, வுழலியே," என்று ஏமாற்றத்தோடு சொன்னார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்து, "வுழமாட்டாரு," என்றார்.

கோப்பை எண்ணூரிலிருந்து வந்த குழுவின் நடிகர் ஒருவருக்குப் போனது. அவர் நன்றாகவே நடித்தார். நாற்காலியோடு சேர்ந்து இரண்டு முறை விழுந்தார். முடிவைச் சொல்லிக் கூட்டம் கலைந்தபோது மண்டபத்தின் பக்கவாசலில் குமாஸ்தாவின் குரல் கேட்டது.

"ஒரு வருஷமா எழுதுனேன்யா. சாக்கடைல வுழறதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்? இடுப்பு ஒடஞ்சிடுமா?"

"அந்த ஆளு விழமாட்டாரு."

"எந்த ஆளு? நான் எழுதுன ஆளுய்யா அது. நான் சொன்னா வுழுவான்."

சார் அரிதாரத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு முழுவதும் குமாஸ்தா அவருக்கு வேஷம் கொடுக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டு தபால்காரர் வேஷம் கொடுத்தார். மேடையின் ஒரு பக்கத்தில் வந்து மறுபக்கம் போகவேண்டும், அவ்வளவுதான். சிறந்த சிரிப்பு நடிகர் கோப்பை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் ஒருவர் கிடைத்ததாகச் சொன்னார். நான் திருத்தவில்லை.

அப்பா குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அவர் விடவில்லை. மதுவிலக்கு நீங்கிய பிறகும் சனிக்கிழமை மட்டும்தான். அதே பலகை, அதே நிதானம். துறைமுகத்தில் அவருக்கு ஆக்டர் என்ற பெயர் ஓய்வுபெறும்வரை நிலைத்தது. அந்தப் பெயரால் எவராவது கூப்பிட்டால் அவர் வருத்தப்பட்டதாக நான் கண்டதில்லை.

அன்று திருவொற்றியூரிலிருந்து மூவரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் அப்பா, நடுவில் நான், ஓரத்தில் சார். வெயில் தாழ்ந்திருந்தது. கடல் பக்கத்திலிருந்து உப்பும் கருவாடும் கலந்த காற்று வந்தது. காலடிப்பேட்டை தாண்டிய பிறகு அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "கை இன்னிக்கி செரியா இருந்துச்சி சார்," என்றார்.

"கடைசி அடி?"

"கடைசி அடி நானே அவ்ளோ சுத்தமா வெச்சதில்ல."

சார் சிரித்தார். பள்ளியில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மேல் வரிசையில் ஒரு பல் சற்று உள்ளே தள்ளியிருந்தது. தண்டையார்பேட்டை நிறுத்தம் வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைக் குனிந்து பார்த்தார்.

"நாளைக்குக் காலைல?"

"வரேன் சார்," என்றேன்.

ஏழரை மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போனேன். அவர் தாழ்வாரத்தில், சுவரில் சாய்த்த சிறு பலகையில் ஒரு வட்டமும், அதற்கு வெளியே ஒரு புள்ளியும் போட்டு வைத்திருந்தார். அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைந்து, அவை இரண்டும் சமம் என்று நிறுவ வேண்டும். அவருடைய காதுக்குப் பின்னால் முந்தைய நாளின் அரிதாரம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. வகுப்புக்குள் போவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கணக்கைப் போட்டு முடித்தேன். அவர் அதைப் படித்து, சரி என்று ஒரு கோடு இழுத்தார். பிறகு சொன்னேன். அவர் கைக்குட்டையை நனைத்துத் துடைத்துக்கொண்டு, போய்விட்டதா என்று காதைத் திருப்பிக் காட்டினார். போய்விட்டது என்றேன்.